வீட்டில் வெல்டிங் பழக ஆசை: மெஷின் வாங்கியாச்சு, பைப்பெல்லாம் ஓட்டை

ஈரோட்டு மாடி

வணக்கம். மாடியில் செடித்தொட்டி வைக்க ஒரு ஸ்டாண்டு, கொல்லையில் ஒரு கோழிக்கூடு, துணி காயப்போட இரண்டு கம்பம். என் தேவை இவ்வளவுதான். பட்டறையில் சொன்னால் முடித்துக் கொடுத்துவிடுவார்கள், தெரியும். ஆனால் இரும்பை நானே வெட்டி நானே பற்றவைக்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே உள்ள ஆசை.

200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் வாங்கியிருக்கிறேன். கூடவே ஒரு இன்ச் ஸ்கொயர் பைப், 18 கேஜ். கடையில் 10 நம்பர் ராடு ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். ராடை வைத்தால் பைப் உருகி ஓட்டை விழுகிறது. ஆம்பியரைக் குறைத்தால் ராடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு ஒன்று இருக்கும் என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை. கோளாறு ராடிலா, செட்டிங்கிலா, கையிலா? வீட்டு லைன் இதைத் தாங்குமா என்றும் சந்தேகம். மெஷின் ஓடும்போது ஹாலில் லைட் மங்குகிறது.

திருவெறும்பூர் பட்டறை

தம்பி, நீங்கள் தேடுகிற அந்த நடு அளவு கிடையவே கிடையாது. 10 நம்பர் ராடு என்றால் உள்ளே இருக்கும் கம்பி மட்டுமே 3.15 மி.மீ. அது ஒழுங்காக எரிய 90 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். 18 கேஜ் பைப்பின் கனம் 1.2 மி.மீ. 90 ஆம்பியரில் அது கண்ணெதிரே காணாமல் போகும். 60-க்கு இறக்கினால் அந்த ராடு எரியாது, ஒட்டும். கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதுதான் நடக்கும். அதனால் மனம் தளர வேண்டாம்.

முதலில் பைப்பை ஓரமாக வைத்துவிடுங்கள். வீட்டில் பழக வருகிறவர்கள் செய்ய நினைப்பது ஸ்டாண்டு, கட்டில், கூடு என்று எல்லாமே மெல்லிய பைப் வேலை. ஆர்க் வெல்டிங்கில் புதியவருக்குக் கஷ்டமான வேலையே அதுதான். எங்கள் பட்டறையில் வேலை பழக வரும் பையன் கையில் 18 கேஜைக் கொடுப்பதற்கு ரொம்ப நாள் ஆகும்.

பழைய இரும்புக் கடைக்குப் போய் 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள பட்டை, ஆங்கிள் துண்டு என்று எடை போட்டு வாங்கி வாருங்கள். கனம்தான் முக்கியம், வடிவம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ராடு 12 நம்பர், அதாவது 2.5 மி.மீ., வகை 6013. இந்த ராடு கரண்டு முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துப் போகும், சட்டென்று பற்றும், ஏசி டிசி இரண்டிலும் ஓடும். 7018 பலமான ராடு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதை அடுப்பில் காயவைத்துச் சூட்டோடு எடுக்க வேண்டும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

துருவையும் பெயின்ட்டையும் தேய்த்து, இரும்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். மெஷினிலிருந்து வந்து இரும்பைப் பிடிக்கும் எர்த் கிளாம்பு கடிக்கிற இடமும் அப்படித்தான். பாதிப் பேருக்கு ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் வெளிச்சம், விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் கிளாம்புக்கு அடியில் இருக்கும் பெயின்ட். மெஷினை 75, 80-ல் வையுங்கள். ராடு நுனியைப் பட்டைமேல் லேசாகக் கீறி, பற்றியதும் ஒரு மயிரிழை தூக்குங்கள். நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி ராடின் கம்பி கனத்துக்கு மேல் போகக் கூடாது. சரியான இடைவெளியில் வடை பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும். தூக்கிவிட்டால் பொரிச்சல் போய், பொறி எல்லாப் பக்கமும் தெறிக்கும்.

இனி நான் சொல்வதுதான் மொத்த வித்தையும். வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள். வெளிச்சத்துக்கு ஒட்டிப் பின்னால் ஒரு சின்னக் குளம் இருக்கும், உருகிய இரும்பு. ஈரமாகப் பளபளவென்று, விளிம்பு தெளிவாகத் தெரியும். அதற்கும் பின்னால் கொஞ்சம் மங்கலாக, சிவப்பாக, பாகு மாதிரி நகர்ந்து வருவது கசடு, ராடின் மேல்பூச்சு உருகி வருவது. புதியவர்கள் கசடைப் பார்த்து இரும்பு சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. குளத்தின் பின்விளிம்பு வட்டமாக இருந்தால் உங்கள் வேகம் சரி. கூராக நீண்டால் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். கசடு முன்னால் ஓடி வந்து குளத்தை மூடினால் மெதுவாகப் போகிறீர்கள், அல்லது ராடு சாய்வு தப்பு. ராடை நீங்கள் போகும் திசைப் பக்கமாக 10, 15 டிகிரி சாய்த்து, இழுத்துக்கொண்டு போகவேண்டும். தள்ளிக்கொண்டு போகக் கூடாது.

கூடவே இன்னொன்று: ராடு எரிய எரியக் குட்டையாகிக்கொண்டே வரும். 350 மி.மீ. ராடு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் கை பக்கவாட்டில் போகிற அதே நேரம் கீழேயும் இறங்க வேண்டும். முழங்கையை எதன்மேலாவது ஊன்றிக்கொண்டு, வசதியாக உட்கார்ந்து செய்யுங்கள். இன்னொரு கையையும் பிடிக்கக் கொடுங்கள். அதில் வெட்கம் இல்லை, நாங்களும் அப்படித்தான் பிடிக்கிறோம்.

பட்டை நிறையக் கோடு கோடாகப் போடுங்கள். எதையும் ஒட்ட வேண்டாம். கோடு ஒரே அகலத்தில் வந்து, கசடு சுத்தியலால் ஒரு தட்டில் பெயர்ந்து வரும்போது அடுத்ததைப் பேசலாம்.

பொள்ளாச்சி ஒயர்மேன்

லைன் பற்றி நான் சொல்கிறேன். 80 ஆம்பியரில் ஆர்க்கில் சுமார் 23 வோல்ட் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1,850 வாட் அளவு. மெஷினின் நஷ்டத்தையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் 230 வோல்ட் லைனில் இருந்து 14, 15 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 12 நம்பர் ராடுக்கு ஒழுங்கான 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதும். மெஷின்மேல் 200 என்று எழுதியிருப்பதை நம்பி அந்தப் பிளக்கில் 160, 170 வைத்து ஓட்டினால் எம்சிபி சுவிட்ச் விழும், அது பழையதாக இருந்து விழாவிட்டால் ஒயர் சூடேறிக் கருகும்.

ஹாலில் லைட் மங்குகிறது என்றால் மெஷினை லைட் சர்க்யூட்டில் மாட்டியிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். ஏசிக்கோ மோட்டாருக்கோ தனியாக வந்த லைனில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் 2.5 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் ஒயர். கடையில் ரெடிமேடாக விற்கும் பெட்டி வேண்டவே வேண்டாம். ஒயரைச் சுருளாக வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு ஏறி இன்சுலேஷன் உருகும்.

கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கட்டாயம் இருக்கட்டும். ஆனால் அது காப்பாற்றுவது லைன் பக்கத்தை மட்டும்தான். ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பக்கம் லைனோடு சேராமல் தனியாகப் பிரிந்திருப்பதால் அங்கே ஷாக் அடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. ஆர்க் எரியாதபோது ஹோல்டரில் 60, 70 வோல்ட் சும்மா நிற்கும். உலர்ந்த கைக்கு அது பெரிதாகத் தெரியாது. வேர்வையில் நனைந்த சட்டையோடு ஈரத் தரையில் உட்கார்ந்தால் ஆளையே கொல்லும். மழை பெய்த மாடியில் அன்றைக்கு வேலை வேண்டாம். ராடு மாற்றும்போது கையுறையைக் கழற்ற வேண்டாம்.

ஆர்வக்கோளாறு இல்லை ஆர்வம்

ஆர்க் வாங்கியதற்குப் பதில் மிக் வாங்கியிருக்கலாமே? துப்பாக்கியை அழுத்தினால் ஒயர் தானே வருகிறது. மெல்லிய பைப்புக்கு அதுதான் சுலபம் என்று சொல்கிறார்கள். கேஸ் இல்லாமல் ஓடும் மிக் கூட இப்போது கிடைக்கிறது.

திருவெறும்பூர் பட்டறை

மெல்லிய பைப்புக்கு கேஸ் மிக் சுலபம், மறுக்கவில்லை. ஆனால் அவர் வேலை செய்வது மாடியில். காற்று வீசினால் கேஸ் பறந்துவிடும், வெல்டு முழுக்கத் துளை துளையாக வரும். சிலிண்டர், ரெகுலேட்டர், அதை நிரப்ப அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். கேஸ் இல்லாத ஒயர் காற்றைத் தாங்கும், ஆனால் ஒயர் விலை அதிகம், புகையும் அதிகம். அதற்குத் துப்பாக்கியை மைனஸில் மாட்ட வேண்டும் என்பதையே நிறையப் பேருக்குக் கடையில் சொல்வதில்லை.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. மிக்கில் இரும்பு சரியாகப் பிடிக்காமலேயே மேலே அழகான கோடு வந்துவிடும். ஆர்க்கில் தப்புப் பண்ணினால் பெரும்பாலும் முகத்திலேயே தெரிந்துவிடும். பழகுகிறவருக்கு அதுதான் நல்லது. வாங்கிய மெஷினிலேயே பழகட்டும்.

மதுரை கண் பரிசோதகர்

கண்ணைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் குறுக்கிடுகிறேன். நான் வேலை செய்யும் கண் மருத்துவமனைக்கு வெல்டிங் வெளிச்சம் பட்டு வருகிறவர்கள் அதிகம் பேர் இரவில்தான் வருவார்கள். காரணம், வெளிச்சம் பட்ட உடனே ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் உறுத்தல், கண்ணீர், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத வலி எல்லாம் தொடங்கும். கருவிழியின் மேல்தோல் புற ஊதாக் கதிரால் வெந்திருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் அந்த இரவு கொடுமையானது.

தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கைச் சீவி வைப்பது என்று நம் ஊரில் பழக்கம் இருக்கிறது. கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள், தோல் பெயர்ந்த கண்ணில் கிருமி சேர்ந்தால் பார்வைக்கே ஆபத்து. சுத்தமான துணியை நனைத்து மூடிய கண்மேல் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்தை மெடிக்கலில் கேட்டு வாங்கி விட்டுக்கொண்டே இருப்பதும் தப்பு, புண் ஆறாமல் போகும்.

மெஷினை விட முதலில் வாங்க வேண்டியது ஹெல்மெட். தெருவில் விற்கும் கறுப்புக் கண்ணாடி உதவாது. 70, 80 ஆம்பியருக்கு இருட்டின் அளவு 10-ம் நம்பர் கண்ணாடி, கூசினால் 11. தானாக இருட்டாகும் ஹெல்மெட் புதியவர்களுக்கு நல்லது. ராடு நுனி எங்கே இருக்கிறது என்று பார்த்தபடியே தொடங்கலாம், இரண்டு கையும் சும்மா இருக்கும். வெள்ளைச் சுவரின் பக்கம் முதுகைக் காட்டி உட்காராதீர்கள், சுவரில் பட்ட வெளிச்சம் ஹெல்மெட்டுக்குப் பின்புறமாக உள்ளே வரும். குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள், ஒரு தார்ப்பாயாவது கட்டிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் வைத்திருந்தால் அவர்கள் மெஷின் பக்கமே வரக் கூடாது.

ஈரோட்டு மாடி

ரொம்ப நன்றி அக்கா. ஹெல்மெட், தோல் கையுறை, ஷூ மூன்றும் வாங்கிவிட்டேன். மெஷினுக்கு ஏசி லைன் கொடுத்தாகிவிட்டது, லைட் மங்குவதில்லை. 6 மி.மீ. பட்டையில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டறை அண்ணன் சொன்ன குளம் நேற்றுத்தான் முதல்முறையாகத் தெரிந்தது! அதுவரை வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு துண்டை ஒட்டினால் உள்ளே பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிங்கப்பூர் ஷிப்யார்ட்

உடைத்துப் பாருங்கள் தம்பி. ஒரு பட்டைமேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு வையுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டு வைக்காத பக்கத்திலிருந்து, வெல்டின் மேலேயே மடங்குகிற மாதிரி அடியுங்கள். வெல்டு ஒரு பட்டையோடு வந்து, மற்றப் பட்டை மேல் வழவழப்பாகப் பழைய முகம் தெரிந்தால் பிடிக்கவே இல்லை, மேலே உட்கார்ந்திருந்தது. வெல்டின் நடுவிலேயே கிழிந்து, உடைந்த இடம் முழுக்கச் சொரசொரப்பாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்கிறது. கறுப்புக் கோடு தெரிந்தால் கசடு உள்ளே மாட்டியிருக்கிறது. ஷிப்யார்டில் எங்களுக்கு டெஸ்ட் வைக்கும்போதும் வெட்டி மடக்கித்தான் பார்ப்பார்கள். அழகைப் பார்த்து யாரும் பாஸ் போடுவதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். வேலைக்குப் பருத்திச் சட்டை, முழுக்கை. பாலியஸ்டரில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும். லுங்கி, செருப்பு வேண்டாம்.

அடுத்தது ஜி.ஐ. பைப். கோழிக்கூட்டுக்குத் துருப் பிடிக்காது என்று அதைத்தான் வாங்கத் தோன்றும். அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகையாக வரும். அதை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோக ருசி. ஃப்ளூ என்று நினைத்துப் படுத்துவிடுவீர்கள். பால் குடித்தால், வெல்லம் சாப்பிட்டால் சரியாகும் என்று சொல்லிச் சொல்லி நாங்களும் குடித்திருக்கிறோம். புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு, அது எப்படித் தடுக்கும்? வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்று பக்கவாட்டில் வீசுகிற மாதிரி உட்காருங்கள். சாதாரண இரும்பானாலும் புகைக்கு மேலே முகத்தை வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-லேயே வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இது எங்கள் தலைமுறை வெல்டர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். நீங்களாவது தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

தஞ்சை வயல்

டீசல் பேரலை வெட்டித் தண்ணீர்த் தொட்டி செய்யலாம் என்று இருக்கிறேன். கழுவிவிட்டு வெல்டு வைக்கலாமா?

சிங்கப்பூர் ஷிப்யார்ட்

வேண்டாம் ஐயா. கழுவினாலும் மடிப்பில் எண்ணெய் நிற்கும். சூடு பட்டதும் ஆவியாகி வெடிக்கும். பட்டறைகளில் இதனால் உயிர் போயிருக்கிறது. தொட்டி தேவையென்றால் புதுத் தகட்டில் செய்யுங்கள், அல்லது பிளாஸ்டிக் பேரல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி ஒயர்மேன்

இரும்பை வெட்டவும் தேய்க்கவும் பிடிக்கும் கிரைண்டரையும் சொல்லிவிடுகிறேன். வெல்டிங்கை விட அதுதான் கையைக் கொண்டுபோகும். 4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். வெட்டும் வீலின் பக்கவாட்டை வைத்துத் தேய்க்காதீர்கள், உடைந்து பறக்கும். வீல் நடுவில் உள்ள தகட்டு வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். கிரைண்டர் தூசி பறக்கும் இடத்தில் வெல்டிங் மெஷினை ஓடவிடாதீர்கள். ஃபேன் அந்த இரும்புத் தூளை உள்ளே இழுத்து போர்டை ஷார்ட் ஆக்கிவிடும். இன்வெர்ட்டர் மெஷின்கள் செத்துப்போக இதுவும் முக்கியமான காரணம்.

ஈரோட்டு மாடி

அண்ணா, உடைத்துப் பார்த்தேன், நடுவில் கிழிந்து சாம்பல் நிறமாக இருக்கிறது! இப்போது பைப்பைத் தொடலாமா? 12 நம்பர் ராடில் 18 கேஜைத் தொட்டதும் இன்னும் சில இடத்தில் ஓட்டை விழுகிறது. ஸ்டாண்டின் சட்டம் வேறு கோணிக்கொள்கிறது.

திருவெறும்பூர் பட்டறை

சந்தோஷம் தம்பி. இப்போது பேசலாம். முடிந்தால் ஸ்டாண்டுக்கு 16 கேஜ் வாங்குங்கள். கனம் 1.6 மி.மீ. மண்ணும் தண்ணீரும் நிறைந்த தொட்டியின் எடைக்கும் அதுதான் சரி. 12 நம்பர் ராடில் 55, 60 ஆம்பியர் வையுங்கள். 18 கேஜ்தான் என்றால் 2 மி.மீ. ராடு தேடி வாங்கி 40, 45-ல் வையுங்கள். சின்னக் கடையில் இருக்காது, பெரிய வெல்டிங் சாமான் கடையில் கேட்டால் கிடைக்கும். ஹோல்டரை மைனஸுக்கு மாற்றுங்கள், இரும்புக்குள் இறங்கும் சூடு குறையும். 6013 அதிலும் நன்றாக எரியும்.

நீளமாகக் கோடு இழுக்காதீர்கள். ஒரு புள்ளி வைத்து, ஆர்க்கை அணைத்து, செந்நிறம் மங்கியதும் பாதி மேலே ஏறுகிற மாதிரி அடுத்த புள்ளி. ஆறவிடும்போது கசடைத் தட்டி எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. முதல் வேலை வெட்டுவதில் இருக்கிறது. இரண்டு பைப்பும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். 2 மி.மீ. இடைவெளியை மெல்லிய பைப்பில் ராடால் நிரப்ப நாங்களே திணறுவோம்.

கோணல் வருவது ஏனென்றால், உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் சட்டம் கட்டாயம் கோணும். நாலு மூலையிலும் முதலில் சின்னப் புள்ளி மட்டும் வையுங்கள். குறுக்காக இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டம். இல்லையென்றால் நீளமாக இருக்கும் மூலையில் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும், புள்ளிதானே. அப்புறம் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முழு வெல்டு.

ஆர்வக்கோளாறு இல்லை ஆர்வம்

நானும் இதைப் படித்துவிட்டு மெஷின் வாங்கப் போகிறேன். குழந்தைக்கு மாடியில் ஊஞ்சல் ஒன்று செய்துகொடுக்கலாம் என்று திட்டம்.

திருவெறும்பூர் பட்டறை

ஊஞ்சல் வேண்டாம் தம்பி. மாடிக் கைப்பிடி, படிக்கட்டு, பைக் சேசிஸ் எதுவும் இப்போது வேண்டாம். செடி ஸ்டாண்டு உடைந்தால் தொட்டி போகும். ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒரே வெல்டைத் திரும்பத் திரும்ப இழுக்கும், சின்ன விரிசல் இருந்தாலும் ஒருநாள் விட்டுவிடும். அதைப் பழகின கை செய்யட்டும். முறையாகப் படிக்க வேண்டுமென்றால் ஐடிஐயில் வெல்டர் படிப்பு ஒரே வருடம்தான். எங்கள் ஊர் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையில் 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே நடக்கிறது, அங்கேயும் பயிற்சி உண்டு.

ஈரோட்டு மாடி

ஸ்டாண்டு சட்டம் மட்டமாக வந்துவிட்டது. ஒரே ஒரு தொல்லை. பைப் வாயை மூட சின்னத் தகடு வைத்துச் சுற்றிலும் வெல்டு வைத்தேன். கடைசி ஓரத்தை மூடும்போது மட்டும் உள்ளேயிருந்து ஊதித் தள்ளி ஓட்டை விழுகிறது. திரும்ப வைத்தாலும் அதேதான். ஆம்பியரைக் குறைத்துப் பார்த்தும் பலனில்லை.

சிங்கப்பூர் ஷிப்யார்ட்

அது ஆம்பியர் இல்லை, உள்ளே மாட்டிய காற்று. இரு பக்கமும் மூடியதும் சூட்டில் காற்று விரிந்து, கடைசியில் உருகி நிற்கும் இடத்தைத்தான் உடைத்துக்கொண்டு வெளியே வரும். பைப்பின் அடிப்பக்கத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டு மூடுங்கள், ஊதாது. மாடியில் மழை பட்டால் உள்ளே சேரும் தண்ணீரும் அந்தத் துளை வழியாக வடிந்துவிடும். துளையை மேல்பக்கம் போட்டுவிடாதீர்கள். அப்புறம் கசடையெல்லாம் ஒயர் பிரஷால் சுத்தமாக எடுத்துவிட்டு ரெட் ஆக்சைடு அடியுங்கள். கசடுமேல் அடித்த பெயின்ட் ஒரு மழைக்காலம் கூட நிற்காது.